கலப்பு என்று ஒரு சொல்

பத்தாம் தரத்து விஞ்ஞானத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'கலப்புலோகம் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, 'தூய்மை கெட்ட உலோகம்' என்று எழுதியிருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பாய்.

உன் அப்பா கண்டிப் பக்கத்துச் சிங்களவர். விளக்கும் மணியும் வார்த்தவர். அம்மா பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழச்சி. கல்யாணமாகி எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு நீ வந்த முதல் வாரமே குழாயடியில் உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'கலப்பு.'

அந்த வருடம் கோயிலுக்குப் புது மணி வந்தது. வீட்டுக்கு ஒருவராக வரிசையில் நின்று அடித்தார்கள். உன் முறை வந்ததும் கோயில் தலைவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"கலப்புக் கை படக்கூடாதும்மா."

உன் புருஷன் நான், தலையைக் குனிந்துகொண்டேன். நீ கேட்டாய்:

"மணி எதுலங்க வார்த்தது?"

"வெண்கலம்."

"செம்புல வெள்ளீயம் கலந்தாத்தாங்க வெண்கலம். வெறும் செம்புன்னா டொக்குன்னுதான் கேக்கும். மேல தொங்குறதே கலப்புதான். மொதல்ல அதை எறக்குங்க, அப்புறம் என்னையத் தள்ளுங்க."

அவர் பிடியிலிருந்து கயிற்றைப் பறித்து மூன்று முறை இழுத்தாய். அடுத்து நின்ற பெண் உன் கையிலிருந்தே அதை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கலத்தல் என்றால் சேர்தல், கூடுதல். 'அலோய்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இலத்தீனில் 'சேர்த்துக் கட்டுதல்' என்பதுதான் வேர். பெருமையோடு படித்துக் காட்டினேன்.

"இதை அங்க சொல்லியிருக்கலாமேங்க," என்றாய். அவ்வளவுதான். அகராதியை மூடினேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. மரணத்தைப் பதியும்போது 'இனம்' என்ற இடத்தில் எழுத்தர் பேனையை நிறுத்தினார். அப்பா சிங்களவர் என்றால் அதையே போடலாம் என்றார்.

"தெகம லியன்ன, மஹத்தயா," என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன்: இரண்டையும் எழுதுங்கள், ஐயா.

ஒன்றுதான் எழுத முடியுமாம். 'சிங்களவர்' என்று எழுதியும் விட்டார். திருத்தக் கேட்டு மனுக் கொடுத்தேன், திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் திரும்பியது. நாளைக் காலை மூன்றாவது மனுவோடு ஹட்டன் பதிவு அலுவலகத்துக்குப் பஸ் ஏறுகிறேன். உன்னைப் பெற்ற தாயை ஒரு பேனைக் கோட்டால் இல்லாமல் ஆக்க விடமாட்டேன். உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர்களுக்கு அலுக்கட்டும்; எனக்கு அலுக்காது.