கேட்டில் நீங்கள் நின்ற இடம்

மச்சான்,

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்தாகிவிட்டது. இன்னும் விறகுப் புகையும் ஆட்டுக்கறி மசாலாவும் கழுத்துப்பட்டையை விட்டுப் போகவில்லை. மருமகள் இரண்டாம் தடவையும் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது போகாதுங்க, வேற சட்டை போட்டுக்கோங்க" என்றாள். எப்படிப் போகும்? நான் வைக்கிற குழம்பு அப்படி. ஒரு வருஷம் விருந்து முடிந்த கையோடு பல்லடம் பஸ் ஏறினேன். என் சட்டை வாசனை தாங்காமல் பாதி பஸ் சூலூரிலேயே இறங்கி ஓட்டல் தேடிப் போய்விட்டது.

இதைப் படிக்கும்போது நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உப்புத் தூக்கலா இருக்குதுங்க மாப்ள" என்று சொல்லியிருப்பீர்கள். நான் கதை அளக்கும்போதெல்லாம் அந்த ஒரே வரிதான் சொல்வீர்கள். சரி, ஒருத்தர் இறங்கினார். அவருக்கு அது இறங்க வேண்டிய ஊர்.

ஞாயிற்றுக்கிழமை நம் சபைக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை. நீங்கள் போன பிறகு வந்த முதல் பண்டிகை. ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்துக்கு நான்தான் அடுப்பில் நின்றேன். அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முறை பார்த்தால் நமக்குள் எந்த உறவும் இல்லை. சின்னப் பையன்களாகக் கோயிலில் திடப்படுத்தலுக்கு முந்தின ஞானோபதேச வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த மச்சான் மாப்ளதான் கடைசி வரைக்கும். நான் படித்தது எட்டாவது வரை என்றாலும் என் எட்டாவது இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம். போதகர் ஐயர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லச் சொல்ல, அதைக் கேட்டு நீங்கள் சொன்னீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நடந்தது நேர் எதிர் என்பதை நீங்கள் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு நீங்கள் மில்லில் ஃபிட்டர் ஆனீர்கள். நான் நூல் மூட்டை ஏற்றும் டெம்போ ஓட்டினேன். கோயம்புத்தூரில் ஓடிய தறியெல்லாம் என் டெம்போ வந்தால்தான் ஓடும் என்ற நிலை அப்போது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஞானப்பாட்டு பாடுவோம்.

விருந்து என்றால் எனக்கு அண்டா, உங்களுக்கு கேட். யாரும் பிரித்துக் கொடுத்த வேலை இல்லை, அதுவாக அமைந்தது. ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி கேட்டில் போய் நிற்பீர்கள். வீட்டில் ஆள் வந்திருக்கிறது, வயிறு சரியில்லை, ஆட்டோ காத்திருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு நழுவப் பார்க்கிறவர்கள் எல்லாரும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஏனுங்க, கை நனைக்காமப் போனா எப்படிங்க? ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க."

அது கெஞ்சலா அதிகாரமா என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. ஆனால் திரும்பி வந்து உட்காருவார்கள். கோயிலுக்குள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் பந்தியில் பக்கத்து இலையில் இருப்பார்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை நீங்கள் கேட்டிலேயே முடிவு செய்து அனுப்பியிருப்பீர்கள்.

என்னையே ஒருமுறை பிடித்து நிறுத்தினீர்கள். சபைச் சங்கத் தேர்தலில் தேவசகாயம் என்னைத் தோற்கடித்த வருஷம். தபால் ஆபீஸ் உத்தியோகக்காரர், பேச்சில் ஒரு சுருக்கம், நடையில் ஒரு விறைப்பு. சபையில் முக்கால்வாசி என் பக்கம் இருந்தும் நான் எப்படித் தோற்றேன் என்பது சரித்திரம் விசாரிக்க வேண்டிய விஷயம். அண்டாவை இறக்கி வைத்த கையோடு, இனி இந்தக் கோயில் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன். கேட்டில் நீங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தீர்கள்.

"சண்டைய நாளைக்கும் போடலாமுங்க மாப்ள. சோறு ஆறிப்போகுது."

தேவசகாயத்துக்கும் எனக்கும் நடுவில் ஓர் இலை போட்டு நீங்களே உட்கார்ந்தீர்கள். அவரிடம் என் குழம்பைப் பற்றிச் சொன்னீர்கள், என்னிடம் அவர் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். ரசம் வருவதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, கறி நன்றாக வெந்திருக்கிறது என்றார். நான் அவர் மகளுக்குக் காங்கேயத்தில் ஒரு பையன் இருப்பதாகச் சொன்னேன். அந்தக் கல்யாணமே நடந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று இலை.

நீங்கள் போன பிறகு சபை சபையாக இல்லை மச்சான். ஆராதனைக்கு வருகிறார்கள், குறை சொல்ல முடியாது. முடிந்ததும் கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கிறது. மில் மூடியதில் பாதிக் குடும்பங்கள் திருப்பூர் பக்கம் போய்விட்டன. புதிதாக வந்தவர்கள் சரவணம்பட்டி அடுக்குமாடிகளில் இருந்து வருகிறார்கள். அவர்களுக்கு நம் பெயர் தெரியாது, நமக்கு அவர்கள் பெயர் தெரியாது. இப்போது சங்கச் செயலாளர் ஜெனிபர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற தங்கமான பெண். இனி விருந்துக்குப் பதில் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் அவள்தான் பேச்செடுத்தாள். எல்லாருக்கும் அவசரம், உட்காரச் சொன்னால் யாரும் இருப்பதில்லை என்றாள்.

நான் எழுந்து நின்றேன். என்னைப் பற்றித்தான் தெரியுமே. "இந்த ஒரு வருஷம் எங்கிட்ட உடுங்க. ஒருத்தரும் கேட்டத் தாண்ட மாட்டாங்க. தாண்டினா அப்பறம் டப்பாவே போட்டுக்கோங்க, நான் வாயத் தொறக்க மாட்டேனுங்க" என்றேன். அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். நம் பந்தியை நான் என் வாயால் பந்தயம் வைத்துவிட்டேன்.

ஞாயிறு அன்று பந்தல் போட்டு, பெஞ்சு வரிசை போட்டு, இலை விரித்து வைத்தேன். குழம்பு எப்படி வந்தது தெரியுமா? ரோட்டில் போன நாயெல்லாம் கோயில் வாசலில் முழங்கால் போட்டன. ஆசீர்வாதம் முடிகிற நேரம் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

முதலில் வந்தவர்களிடம் இந்த மாதிரிக் குழம்புக்கு நாலு ஜில்லாவில் ஆள் கிடையாது என்றேன். சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த அம்மணி டிபன் கேரியரை நீட்டி, பையனுக்கு டியூஷன் இருக்கிறது, இதில் போட்டுக் கொடுங்கள் அண்ணா என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டே வந்திருந்தார்கள். அதாவது உட்காரப் போவதில்லை என்று முன்பே முடிவு. ஓர் இளவட்டம் தன் பெண்டாட்டியிடம் மெதுவாகத்தான் சொன்னான், என் காதில் விழுந்துவிட்டது:

"வா அம்மிணி போலாம். நின்னா கதை ஆரம்பிச்சுருவாரு."

கேலிதான். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன்.

அதன் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் சொல்கிற வார்த்தை எனக்கு மனப்பாடம். எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். 'ஏனுங்க' என்பது மட்டும் வாயில் வந்தது, மிச்சம் வரவில்லை. நான் ஆயுசுக்கும் என்னைப் பற்றியே சொல்லிப் பழகினவன். ஒருவரைப் பார்த்து 'உட்காருங்கள்' என்று கேட்க ஒரு தனி வாய் வேண்டும் போலிருக்கிறது. கை கூப்பினேன். போய்வாருங்கள் என்று சொல்வதாக நினைத்து அவர்களும் கை கூப்பிவிட்டுப் போனார்கள்.

பந்தலுக்குத் திரும்பினால் காற்றில் இலைகள் புரண்டு கிடந்தன. ஐயரும் ஐயரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் இருந்தார். எனக்காக மனசு இரங்கி ஜெனிபர் ஓர் இலைக்கு முன் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தடியை ஊன்றிக்கொண்டு தேவசகாயம் வந்தார். நானும் அவரும் ஒரே பெஞ்சில் நடுவில் ஓர் இலை இடம் விட்டு உட்கார்ந்தோம். பழக்கம்.

சோறு பிசைந்தோம். குழம்பைப் பற்றி அவர் சொல்வார் என்று நான் பார்த்தேன். நான் ஏதாவது ஆரம்பிப்பேன் என்று அவரும் பார்த்தார். ரசம் வந்தது, மோர் வந்தது. மோரை வாங்கும்போதுதான் பேசினார்.

"இத்தன வருசமா நாம ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தோம்னு நெனச்சனுங்க. அவருதான் பேசிட்டு இருந்திருக்காரு."

மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடி சொன்னார்.

"இனி உங்களுக்கும் எனக்கும் பேசறதுக்கு என்னங்க இருக்குது?"

கோபத்தில் சொல்லவில்லை மச்சான். வானம் மூடிக்கிடக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். கை கழுவினார், தலையை ஆட்டினார், ஆட்டோவில் ஏறிப் போனார். மிச்சச் சோற்றை ஐயர் பக்கத்து விடுதிக்கு அனுப்பி வைத்தார். சாயங்காலமே சபையின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, அடுத்த வருஷத்திலிருந்து டப்பா என்று. கீழே எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மருமகள் படித்துக் காட்டினாள். நான் வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை.

உங்களை நல்லடக்கம் செய்த அன்று, நீங்கள் ஆண்டவரிடம் போய்விட்டீர்கள், ஒருநாள் அங்கே எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவோம் என்று ஐயர் சொன்னார். நான் ஆமென் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் அந்தப் பந்தியிலும் நீங்கள் வந்து நடுவில் உட்காராவிட்டால் நாங்கள் என்ன பேசுவோம் என்றுதான் தோன்றுகிறது. விசுவாசத்தில் குறைவுதான். ஐயரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதி வார்த்தை. தெருவில் யாரைப் பார்த்தாலும் 'ஏனுங்க' என்று வாயில் வந்துவிடுகிறது. அவர்கள் நின்று என்னங்க என்கிறார்கள். சும்மாதான் கூப்பிட்டேன் என்கிறேன்.

நேற்று காங்கேயத்திலிருந்து தங்கச்சி போன் போட்டாள். எப்போதும் பண்டிகை முடிந்ததும் போடுவாள், நான் ஒரு மணி நேரம் அளப்பேன், அவள் சிரிப்பாள். "அண்ணா, விருந்து எப்படீங்க, கூட்டம் தாங்குச்சா?" என்றாள்.

"நடந்துச்சு சாமி" என்றேன்.

மேலே ஏதாவது வரும் என்று அவள் வெகு நேரம் காத்துக்கொண்டிருந்தாள்.