மேடைக்கு நான் போகிறேன்

அன்புக்கரசி,

நீ டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து வரும்போது நான் இருக்க மாட்டேன். சாவி ரோசலின் டீச்சர் வீட்டில் இருக்கிறது. சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடு.

விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளுக்கான காலேஜ் உதவித்தொகை உனக்குக் கிடைத்திருக்கிறது. "மேடையில நின்னு ஊருக்கே சொல்லணுமாம்மா? நான் வரல" என்று நேற்று அழுதாய். சரி, வர வேண்டாம். உன் பெயரைக் கூப்பிடும்போது நான் ஏறி வாங்கிக்கொள்கிறேன். அடி வாங்கிக்கொண்டு இனி வாழ மாட்டேன் என்று கோர்ட்டில் நின்று சொன்னவள் நான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பரிதாபப்பட்டு யாரும் கொடுக்கவில்லை. நீ படித்ததற்குக் கொடுக்கிறார்கள்.

குஜிலியம்பாறையிலிருந்து உன் பெரியப்பா வருவார். "குடும்ப மானத்த வாங்குறீங்களா?" என்று கேட்பார். முதலில் தண்ணீர் கொடு. பிறகு, "அம்மா விழாவுக்குப் போயிருக்கு, நீங்களும் போய்க் கை தட்டுங்க" என்று சொல்.

அம்மா

பி.கு.: மணிக்கூண்டுப் பக்கத்து மண்டபம், நாலு மணி. மஞ்சள் சுடிதாரைத் தேய்த்துக் கட்டிலில் வைத்திருக்கிறேன். கட்டாயமில்லை. ஆனால் என் பக்கத்து நாற்காலியில் பையைப் போட்டு வைத்திருப்பேன். யார் கேட்டாலும், "ஆள் வருது" என்றுதான் சொல்வேன்.