விமானத்தில் நான் ஒருவனை அடித்தது பற்றி, மல்லிகா அக்காவுக்கு

என் மல்லிகா அக்கா,

இருபத்தேழு வருடங்களாக உனக்கு எந்தச் செய்தியும் சொன்னதில்லை. செத்தவர்கள் கேட்கிறார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான்; இப்போதும் நம்பவில்லை. ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

வரும் திங்கட்கிழமை காலை ஒரு காவல் நிலையத்தில் என் முன்னால் ஒரு காகிதத்தை வைப்பார்கள். கையெழுத்துப் போட்டால் என் மேல் உள்ள வழக்கு போய்விடும். போடாவிட்டால் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் வந்து நான் குற்றவாளிக் கூண்டில் நிற்பேன். ஒரு மனிதனின் முகத்தை உடைத்துவிட்டேன், அக்கா. முழு நினைவோடு மூன்று முறை அடித்தேன். மூன்றாவது அடி தேவையில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

நீ நம்ப மாட்டாய். வீட்டில் கோழி அறுத்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள் நான். முற்றத்து ரத்தத்தை நீ கழுவிவிட்டுக் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வருவேன்.

ஒரகடத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. உத்திரமேரூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். நைனாவும் அம்மாவும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று நீ கேட்க மாட்டாய். போன மாதம் கம்பெனி வேலையாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். என்னோடு வர வேண்டிய பெரிய அதிகாரிக்கு அங்கேயே உடம்பு சரியில்லாமல் போனதால், திரும்பும்போது பிசினஸ் கிளாஸ் எனக்குக் கிடைத்தது. பத்து மணி நேரம், ராத்திரிப் பயணம்.

அது என்ன மாதிரி இடம் தெரியுமா? உட்கார்ந்ததும் சூடான துண்டு தருகிறார்கள். முந்திரியைக்கூட வறுத்த சூட்டோடு கிண்ணத்தில் வைக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் நாற்காலி நீண்டு கட்டிலாகிறது. அதன்மேல் விரிக்க மெத்தை, இரண்டு தலையணை, காலுக்குச் சாம்பல் நிறச் சாக்ஸ். என்னை நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மனிதருக்கு மரியாதை இவ்வளவு சுலபம் என்றால் மற்ற இடங்களில் ஏன் தருவதில்லை என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒவ்வோர் இருக்கையையும் சுற்றித் தோள் உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். விளக்கை அணைத்துவிட்டால் அதுவும் தெரியாது.

எனக்கு ஜன்னல் ஓரம். நடைபாதைக்கு அந்தப் பக்கம், நடு இருக்கைகள் இரண்டில் ஒரு கணவனும் மனைவியும். அவனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நிலத்தை மனை போட்டு விற்றவர்களின் வெள்ளைச் சட்டை, கையில் தங்கக் காப்பு. அவளுக்கு என் வயது. பட்டுப் புடவைமேல் ஸ்வெட்டர். மகளின் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் தங்கியிருந்தவளை அவன் போய்க் கூட்டி வருகிறான். அம்மா காலை நீட்டிப் படுத்து வரட்டும் என்று மகள்தான் இந்த டிக்கெட் எடுத்திருக்கிறாள். இதெல்லாம் அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. நம் பக்கத்துப் பேச்சு.

"மககிட்ட இன்னாடி சொல்லி வச்ச?"

"ஒண்ணும் சொல்லல. தூங்குங்க."

"ஒண்ணும் சொல்லாமதான் கெளம்பற அன்னிக்கு மாப்ள எம் மூஞ்சியக்கூடப் பாக்கலியா? இங்கியே இருந்துடறேன்னு அழுதியாமே? நான் இன்னா உனக்குச் சோறு போடாமயா வச்சிக்கினு கீறேன்?"

பிறகு ஒரு சத்தம் கேட்டது. சதைமேல் கை விழும் சத்தம் எனக்குத் தெரியும்; உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன்.

பொத்தானை அழுத்தினேன். பணிப்பெண் வந்தாள், சின்னப் பெண், தமிழ் பேசினாள். அந்த மனைவியிடம் குனிந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். "கனவு கண்டு கத்திக்கினு கீறா. பேரனை வுட்டுட்டு வர்ற ஏக்கம். ஒரு சோடா குடும்மா."

மனைவி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சோடா வந்தது, பனிக்கட்டியும் எலுமிச்சைத் துண்டும் போட்டு. அவன் நன்றி சொல்லி வாங்கிக் குடித்தான்.

அரை மணி நேரம் அமைதியாகப் போனது. கண் மூடப்போகும் நேரத்தில் தட் தட் என்று ஏதோ மரப்பலகையை உதைப்பது கேட்டது. எழுந்து நின்று பார்த்தேன். போர்வையை அவள் முகத்தில் போட்டு, முழங்கையால் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். இன்னொரு கையால் விலாவில் குத்தினான், அவசரமில்லாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு. கால் வைக்கும் பொந்துக்குள் அவள் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு சாக்ஸ் கழன்று தொங்கியது.

மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். யாரும் வரவில்லை. "விடுங்க அவங்கள," என்றேன்.

அவன் திரும்பினான். கையை எடுக்கவில்லை. "இது குடும்ப விஷயம். உன் வேலயப் பாத்துக்கினு படு."

நடைபாதையைத் தாண்டினேன். தண்ணீர் குடித்த தம்ளர் என் கையில் இருந்தது. அடிப்பக்கம் செங்கல் போலக் கனத்த கண்ணாடி. முதல் அடி புருவத்தில் விழுந்தது. தம்ளர் உடையவில்லை, புருவம் பிளந்தது. இரண்டாவது கன்னத்து எலும்பில். அதில் தம்ளர் உடைந்தது. உடைந்த மிச்சத்தோடுதான் மூன்றாவது முறை அடித்தேன். அதற்குள் அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அந்த அடியை நான் யாருக்குக் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும்.

இனித்தது, அக்கா. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அவன் அலறியபோது நாக்கில் இனிப்பு ஊறியது. வெள்ளைப் போர்வையில் அவன் ரத்தம், தரையில் என் ரத்தம். என் உள்ளங்கையும் கிழிந்திருந்தது, அப்போது தெரியவில்லை.

போர்வையை விலக்கிக்கொண்டு அவள் எழுந்தாள். மூச்சு வாங்கினாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருக்கையைத் தாண்டிக் குதித்து என் மேல் விழுந்தாள். முடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் பிராண்டினாள்.

"எம் புருஷன அடிக்க நீ யாருடி? தாலி கட்டிக்கினவளா? நாதியத்த மூதேவி!"

பணிப்பெண்கள் ஓடிவந்து எங்களைப் பிரித்தார்கள். பயணிகளில் ஒரு டாக்டர் அவனுக்குக் கட்டுப் போட்டார். மீதி நான்கு மணி நேரம் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பக்கத்தில் ஓர் ஆளைக் காவல் வைத்தார்கள். அப்போது யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இறங்கியதும் போலீஸ். அவனுக்கு ஏழு தையல், எனக்கு நான்கு. நான் அடித்தேன் என்று அவன் புகார். அவன் அவளைக் கொல்லப் பார்த்தான் என்று என் புகார். அவன் மனைவி, கஸ்தூரி என்று பெயர், ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். கழுத்தில் நீலம் பாரித்திருந்ததை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து எல்லோரையும் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி, கெட்டவர் இல்லை. "மேடம், படிச்சவங்க நீங்க. அந்தம்மாவே இல்லேங்கும்போது உங்க புகார் நிக்காது. ஆனா அவர் புகார் நிக்கும், காயம் இருக்கு. ஒரு சமாதானக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டு, ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்கங்க. நீங்களே எழுதுங்க, உங்க கையெழுத்து நல்லாருக்கு."

அக்கா, அந்த நாற்காலியில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும். கையொடிந்து நீ வந்த அந்த மழைக்காலத்தில், நம்மூர் ஸ்டேஷனில் ஏட்டு இதையேதான் கேட்டார், யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. நைனா பெருமையாக என்னைக் காட்டினார். "எம் பொண்ணு காலேஜ்ல படிக்கிது சார். அது எழுதும்."

ஏட்டு சொல்லச் சொல்ல எழுதினேன். வழுக்கி விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்பது அவர் சொன்னது. 'இனி எக்காலத்திலும் என் கணவர் மீது புகார் அளிக்க மாட்டேன் என்று மனப்பூர்வமாக உறுதியளிக்கிறேன்' என்ற கடைசி வரி என்னுடையது. யாரும் கேட்காமலே, கடிதம் முழுமையாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். உனக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாய். புதுப்புடவை கட்டி, பூ வைத்து, பெருநகர் பஸ்ஸில் உன் புருஷன் ஊருக்கே உன்னை ஏற்றிவிட்டோம்.

எட்டு மாதம். சென்னை ஆஸ்பத்திரியில் உன்னை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். ஸ்டவ் வெடித்ததாம். உன் வீட்டில் ஸ்டவ்வே கிடையாது, விறகடுப்புதான். கோர்ட்டில் உன் புருஷனுடைய வக்கீல் என் வரியை இரண்டு முறை படித்துக் காட்டினார், மனப்பூர்வமாக என்ற இடத்தில் நிறுத்தி. அவன் வெளியே வந்தான். இன்றும் இருக்கிறான், பேரன் பேத்தியோடு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ என்னை மன்னித்தாயா என்று கேட்க எனக்கு என்ன தகுதி?

இன்ஸ்பெக்டரிடம் யோசிக்க நேரம் கேட்டேன். திங்கட்கிழமை வரை கொடுத்தார். வெளியே வந்தபோது கஸ்தூரியின் தம்பி என்னை நிறுத்தினார். ஐயங்கார்குளத்தில் விவசாயம் செய்கிறவர். அக்காவைத் தன் வீட்டில் வைத்திருக்கிறார்.

"எம்மா, நான் அந்தாளு பக்கமும் இல்ல, உன் பக்கமும் இல்ல. உன் புகாரு ஸ்டேஷன்ல கீற வரைக்கும் எங்கக்காவ அனுப்ப மாட்டேன். நாளைக்கி அங்க ஒண்ணு ஆச்சின்னா என்னையும்தான் இழுப்பாங்க. நீ கையெழுத்துப் போட்டா, அடுத்த நாளே தேங்கா பழம் பூவோட வந்து இட்டுக்கினு போயிடுவாங்க. சீக்கிரம் முடிச்சி வுடு, புண்ணியமாப் போவும்."

அதன் பிறகு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. கம்பெனியில் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். குற்ற வழக்கு நடந்தால் என் பதவி நிற்காது என்று மேலாளர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தி, என்னை மூதேவி என்றவள், அவளுக்காகவா? அவளே வேண்டாம் என்னும்போது நான் யார்? ஒருமுறை ஒரு பெண்ணுக்குப் பதிலாக நான் முடிவெடுத்த லட்சணம்தான் தெரியுமே.

நேற்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தான். உன்னப் பிராண்டனவ. கன்னம் ஆறிச்சா?"

"ஆறிடுச்சு."

"அவுருக்கு இன்னும் ஆறல." சிரித்தாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "திங்கக்கெழம கையெழுத்துப் போடப் போறியா?"

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"அங்க வந்து கேட்டா போடுன்னுதான் சொல்லுவேன். கத்துவேன், உன் கால்ல கூட வுழுவேன். நீ போடாத."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேஸு எத்தினி நாளு ஓடும்?"

"வக்கீல் மூணு வருஷம் ஆகும்னு சொல்றார்."

"மூணு எதுக்கு, ஒண்ணு போதும். எம் பாஸ்போர்ட்டு அவுருகிட்ட கீது. வேற எடுத்து, மக மறுபடியும் கூப்டுக்கறதுக்கு ஒரு வருஷம் ஆவுமாம். அதுவரைக்கும் எந்தம்பி என்ன அனுப்ப மாட்டான், பயந்தாங்கொள்ளி. நீ வாய்தா வாங்கிக்கினே இரு. உனக்குத்தான் பேஜாரு. கேக்கறது தப்புதான்..." யாரோ வந்துவிட்டார்கள் போல. குரல் சட்டென்று உயர்ந்தது. "ஆமா, ராங் நம்பரு, வையி!"

அக்கா, இதோ உனக்கு என் வாக்கு. திங்கட்கிழமை அந்தக் காகிதத்தில் என் கை படாது. அவள் காலில் விழுவாள், நான் நகர்ந்து நிற்பேன். வேலை போனால் போகட்டும். ஊரில் நாலு பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தால் என் ஒருத்தி வயிறு நிறையும். எத்தனை வாய்தா போட்டாலும் தவறாமல் போவேன். அந்த வழக்கு அவள் விமானம் ஏறும்வரை முடியாமல் பார்த்துக்கொள்வேன். அடித்தாயா என்று நீதிபதி கேட்டால் அடித்தேன் என்பேன். ஏன் என்று கேட்டால், அதைச் சொல்ல நேரம் பிடிக்கும், அடுத்த வாய்தாவில் சொல்கிறேன் என்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி
உத்திரமேரூர்