கதவு வரை எட்டும் வயர்

என் வீட்டு மேலதிகாரிக்கு, வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஊழியன் அன்போடு எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீ வைத்துவிட்டுப் போன செடியும் சுகம். போன தடவை போனில் பேசும்போது உனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் குடிக்கிறாயா என்று கேட்டதற்கு நீ "குடிக்கிறேன், குடிக்கிறேன்" என்று சொன்ன வேகத்திலேயே குடிப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய்த் தண்ணீரைச் சுடவை. பிறகு படி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சொல்லப்போகிற கதையில் நான் அசடு வழிகிற இடம் ஒன்று வருகிறது. போனில் சொன்னால் அந்த இடத்திலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதி உன் காதில் ஏறாது. எனக்கு அந்த மீதிதான் முக்கியம்.

உன் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தாய். உங்களுக்கு வேலை நிலைத்தால் நான் வந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் போட்டுவிடுகிறேன் என்றாய். நியாயமான பேச்சு. நம்மில் ஒருவருக்காவது மாதாமாதம் சம்பளம் வந்தாக வேண்டும். நான் பெரிய மனிதன் மாதிரி "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சமரச மையத்து மேடம் எனக்குக் கொடுத்திருந்தது சோதனை வேலை. பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஒரு கும்பிடு.

வேலை இதுதான். சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் மேடம் எதிரெதிரே உட்கார வைத்து, ஆளுக்கொரு மைக் கொடுத்துப் பேச விடுவார். அந்தப் பதிவைக் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று பேர் போட்டு நான் தட்டச்சு செய்ய வேண்டும். இடது காதில் ஒருவர், வலது காதில் இன்னொருவர். ஹெட்போன் இல்லாமல் இது நடக்காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஸ்பீக்கரில் கேட்டால் சந்தைக்கடைதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஹெட்போன் வயர் போய்விட்டது. ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. காதுக் கிண்ணத்தில் இருந்து கழற்றி மாட்டுகிற அந்த வயர் மட்டும்தான் போச்சு. பழசாகிவிட்டது, அதுதான் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம், தனி வயர் எங்கேயும் கிடைக்கவில்லை. புதிய ஹெட்போன் வாங்கிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ வாங்கிக் கொடுத்ததை நான் தூக்கிப் போடுவேனா? நானே வயர் செய்துகொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். உன் முகம் இப்போது எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ரேடியோ பாகங்கள் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிடுமூஞ்சி. என் கண்ணில் முதலில் பட்டது பளபளவென்று விரல் கனத்துக்கு இருந்த ஒரு வயர். தடியாக இருந்தால் உழைக்கும் என்று நினைத்து அதைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாம்பு வளர்க்கப் போகிறீர்களா என்றார். ரோஷத்தோடு வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் சுருள் நேராகவே மாட்டேன் என்கிறது, ஹெட்போனை ஒரு பக்கமாக இழுக்கிறது, நுனியில் செருகுகிற பின்னுடைய மூடிக்குள் நுழையவே இல்லை. மறுபடியும் அதே கடை, அதே மூஞ்சி.

அடுத்து ஒல்லியாக ஒன்றைக் காட்டினார். உள்ளே தலைமுடி மாதிரி கம்பிகள், அவற்றின்மேல் வார்னிஷ் பூச்சு. அதைச் சுட்டு எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது, உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது என்று அவரே திரும்ப வாங்கி வைத்துவிட்டார். என்னைப் பார்த்த உடனேயே உன் அளவுக்கு என்னைப் புரிந்துகொண்ட மனிதர்! மூன்றாவது, மேலே நூல் பின்னியது. பார்க்க அவ்வளவு அழகு. ஆசையாகக் கையில் எடுத்தேன். ஒரு நுனியைக் காதில் வைத்து, வயரைச் சட்டைப் பொத்தானில் தேய்த்துப் பாருங்கள் என்றார். தேய்த்தேன். அடேயப்பா, காதுக்குள் யாரோ துடைப்பத்தால் பெருக்குகிறார்கள்! நான் தலையை அசைக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரும், அதில் ஆள் பேசுவது எங்கே கேட்கும்?

கடைசியாக எடுத்தது கறுப்பாக, மெத்தென்று, சுருட்டி மேசையில் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கிற ஒன்று. உள்ளே நாலு கம்பிகள். பாதி வழியில் பிரித்து, இந்தக் காதுக்கு இரண்டு, அந்தக் காதுக்கு இரண்டு. பொத்தானில் தேய்த்தேன், சத்தமே இல்லை. எவ்வளவு நீளம் வெட்ட என்று கேட்டார். சொன்னேன். எதற்கு இவ்வளவு, நாற்காலிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்றார். தேவை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் வெட்டிக் கொடுத்துவிட்டு, பின்னில் முனை இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பாகம் இரண்டுக்கும் பொது என்று பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்து அனுப்பினார்.

முதல் தடவை அழகாக ஈயம் வைத்து முடித்துப் பார்த்தால், வயருக்குள் முதலிலேயே கோத்திருக்க வேண்டிய மூடி மேசைமேல் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. எல்லாவற்றையும் உருக்கிப் பிரித்து மறுபடி செய்தேன். நான் சொன்ன அசடு இது இல்லை. அது இனிமேல்தான்.

கல்யாணமான புதிதில் அலமாரியை நகர்த்தும்போது நான் இடது என்று கத்த, நீ வலது பக்கம் தள்ள, என் கால் விரல் நசுங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? அன்றோடு நம் வீட்டில் இடது வலது ஒழிந்தது. இடது என்றால் கதவுப் பக்கம், வலது என்றால் ஜன்னல் பக்கம். என் மேசையில் உட்கார்ந்தால் அப்படித்தானே? சொல்லிச் சொல்லி எனக்கு இப்போது இடது என்றாலே கை தானாகக் கதவுப் பக்கம் போய்விடுகிறது. வயர் கோத்த ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, முனை இடது, இடது கதவுப் பக்கம் என்று முணுமுணுத்தபடி கதவுப் பக்கத்துக் காதுக்குப் போகிற கம்பியில் உன் நகப்பூச்சை எடுத்து ஒரு பொட்டு வைத்தேன். அந்தக் கம்பியை முனையில் ஒட்டினேன். பாட்டுப் போட்டுப் பார்த்தேன், இரண்டு காதும் கணீரென்று கேட்டது.

ஆனால் வயர் அறுந்த அன்றே நான் மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன். வெளிச்சத்துக்காக என்று உன்னிடம் சொன்னேனே, அப்போதுதான். எதிர்ச் சுவரில் உட்கார்ந்தால் கதவு வலது கைப் பக்கம்! இப்போது சிரித்துக்கொள், காத்திருக்கிறேன்.

அந்த வயரில் நான் கேட்ட முதல் பதிவு, லேத் பட்டறை வைத்திருக்கும் இரட்டையர்களுடைய பாகப்பிரிவினை. ஒருவருக்கு மீசை உண்டு, இன்னொருவருக்கு இல்லை. இடது மைக் மீசைக்காரருக்கு, மேடம் சொன்ன அடையாளம் அவ்வளவுதான். மீசை ஒலிப்பதிவில் கேட்குமா? குரல் அச்சு அசலாக ஒரே குரல், இரண்டு பேரும் மற்றவரை "அவன்" என்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அதற்குமேல் கத்துகிறார். இடது காது மீசைக்காரர் என்று நினைத்து, மீசை இல்லாதவர் பேசியதையெல்லாம் மீசைக்காரர் பேரில் போட்டு, அவருடையதை இவர் பேரில் போட்டு, பக்கம் பக்கமாக அடித்துப் பெருமையோடு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மேடம் உடனே கிளம்பி வா என்று கூப்பிட்டார். போனால், சகோதரர்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். உன் கையெழுத்து, இந்த வீடு, இன்னொரு வருடம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றது.

நடந்தது இதுதான். மீசைக்காரர் தன் பேரில் இருந்ததைப் படித்திருக்கிறார். "மிஷின் பூரா அவனே வச்சுக்கட்டும். பட்டறையைப் பிரிச்சாலும் நடுவுல சுவர் மட்டும் வேணாம். அவன் முகத்தைப் பாக்காம எனக்கு வேலை ஓடாது." உண்மையில் அது மீசை இல்லாத தம்பி சொன்னது. அதைச் சொன்ன நேரத்தில் இவர் ஏதோ ரம்பத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார், அவர் காதில் அது விழவே இல்லை. அந்த இடத்தை விரலால் தொட்டு மறுபடி ஒரு தடவை படித்தாராம். பிறகு மேடத்திடம் சொன்னாராம்:

"இது நான் சொன்னதில்ல மேடம். ஆனா நான் சொல்லியிருக்கணும்."

அதற்காக மேடம் என்னைக் கொஞ்சவில்லை. தப்பான பதிவு தப்பான பதிவுதான் என்று அத்தனை பக்கத்தையும் என் கண் எதிரிலேயே கிழித்தார். ஹெட்போனைக் காட்டச் சொன்னார். கதவு, ஜன்னல், மேசை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். திருத்தி மறுபடி அனுப்பினேன். சகோதரர்கள் பிரிவதாகத்தான் இருக்கிறார்கள், சுவர் மட்டும் எழுப்பவில்லை. நேற்று மேடம் கூப்பிட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம், இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் என்றார். வயரில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். காதில் இப்போது குறை எதுவும் இல்லை.

இனி, கடைசியில் எழுதுகிறேன் என்றது. வயர் பழசாகி அறவில்லை. வேலை செய்துகொண்டிருந்தேன். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் உன் செருப்பு மாதிரி ஒரு நிழல் வந்து நின்றது. ஹெட்போன் தலையில் இருப்பதையே மறந்து எழுந்து ஓடினேன். வயர் அறுந்தது. வந்தவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். அன்று சாயங்காலம்தான் மேசையைத் தள்ளினேன். அங்கே உட்கார்ந்தால் அலமாரி மறைக்கும், கதவு தெரியாது. வெளிச்சமாவது ஒன்றாவது.

இன்று காலை மேசையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கதவு மறுபடியும் கதவுப் பக்கத்தில் இருக்கிறது. காதில் மூடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கவைக்கிறீர்கள் என்று எத்தனை நாள் கோபித்திருக்கிறாய்! இனி நீ தட்டக்கூட வேண்டாம். நிழல் தெரிந்ததும் எழுந்து வந்து, ஹெட்போனைக் கழற்றாமலே தாழ்ப்பாளைத் திறந்துவிடுவேன். நடந்து பார்த்துவிட்டேன், வயர் எட்டுகிறது.

போனில் உன் இஷ்டம் என்றேனே, அது நான் சொன்னதில்லை என்று வைத்துக்கொள். கையெழுத்துப் போடாதே. வா.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர்.

இப்படிக்கு,
கதவுப் பக்கத்தைப் பார்த்தபடி,
உன் வீட்டுக்காரன்