வெற்றிலைத் தட்டோடு வேன் கேட்டவள்

மகளுக்கு அம்மா எழுதுவது. போன்ல சொன்னா நீ குறுக்கே பேசுவே, அதனால கடுதாசி.

சாயங்கால ஷிப்ட் முடிஞ்சு பொண்ணுங்கள வீட்டுல கொண்டாந்து விடற மாத்திரை கம்பெனி வேனை நிறுத்திட்டாங்கன்னதும், "வெண்மதி வேலைய விட்டுட்டு சிதம்பரம் வரட்டும், மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படறாங்க"ன்னு சொன்னே இல்ல? உன் மக என்ன சொன்னா தெரியுமா? "ஆயா, மேனேஜர்கிட்ட நானே போய்க் கேக்கறேன்"னா. கேக்கப் போறவ வெறுங்கையோட போகக் கூடாதுன்னு நான்தான் தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ வெச்சுக் குடுத்தேன்.

தட்டைப் பாத்ததும் அந்த மனுஷன், "கல்யாணமாம்மா? பத்திரிகை எங்கே?"ன்னு கேட்டாராம். கூடப் போன பொண்ணுங்களே சிரிச்சிட்டாளுங்களாம். எல்லாம் என்னால வந்த கூத்து. இவ அசரல. "வேன் வந்தா வேலை சார், வராட்டி கல்யாணம்தான். இவளுங்க வீட்டுலயும் அதே பேச்சுதான். எல்லாரும் நின்னுட்டா மாத்திரைய யாரு சார் டப்பாவுல அடைக்கிறது? மறுபடி யோசிங்க"ன்னாளாம்.

அவரு சிரிப்ப நிறுத்திட்டு, எழுந்து நின்னு தட்டை வாங்கிக்கிட்டாராம். வெத்தலைய வாங்கிட்டா வாக்கு குடுத்த மாதிரின்னு அவருக்கும் தெரியாமலா இருக்கும்?

நேத்து ராத்திரி மேல்பட்டாம்பாக்கத்துல நம்ம தெருமுனையிலயே வேன் வந்து நின்னுச்சு. என் பேத்தி இறங்கி வர்றத தெருவே பாத்துச்சு.

மாப்பிள்ளை வீட்டுக்கு நீயே சொல்லிடு. பொண்ணு வேலைய விட மாட்டா. அதுக்குச் சம்மதம்னா வரட்டும், வந்து அவகிட்டயே கேக்கட்டும்.

உன்னைப் பெத்தவ