மேல்வீட்டு வெயில்

9 ஜூலை 2024, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. கிளெமாட்டிஸ் கொடி உயிரோடு இருக்கிறது.

பிப்ரவரியில் பூச்செடிக் கண்காட்சியிலிருந்து வாங்கி வந்தபோது, மலைப்பிரதேசத்துக் கொடி மும்பை உஷ்ணத்தில் ஒரு மாசம் தாங்காது என்றார் ஜம்பு. (கட்டின புருஷனை டைரியில் மட்டும்தான் பேர் சொல்கிறேன்.) இன்றைக்குக் குடை பிடித்து அழைத்துப்போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

சின்ன ஜாதிக் கொடியாம். தொட்டியிலேயே வளருமாம், ஆறடிக்கு மேல் போகாதாம். வேர் குளிர்ச்சியில் இருக்கவேண்டும், தலை வெயிலில் இருக்கவேண்டும் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பினான். சமையலறைக்குப் பின்னால் நாலு தொட்டி கொள்கிற துண்டு நிலம், அதைத் தோட்டம் என்று சொல்வது நான் மட்டும்தான். அங்கே குளிர்ச்சி தாராளம். வெயில்தான் கிடையாது. மாட்டுங்காவில் தரைத்தள வீட்டுக்காரிக்கு வெயில் ஏது? அது மேல்வீட்டு ஜன்னல் கிரில்லோடு நின்றுவிடும்.

மேல்வீடு அம்மிணியுடையது. இன்றைக்கு இது போதும்.

28 ஜூலை

எழுதினால்தான் என்ன? யார் படிக்கப்போகிறார்கள்?

அம்மிணி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் சமையலறைக் கூரையில் ஒழுகியது. குழாய் யாருடைய பொறுப்பு என்று கட்டடத்துக்காரர்களின் சொசைட்டி மீட்டிங்கில் பேச்சு வந்தது. அவள் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன், இரண்டு பேருக்கும் நல்ல தொண்டை. பிறகு பிளம்பர் வந்தான், குழாய் மாற்றினான், கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. மூன்று வருஷமாயிற்று.

அதற்கு முன்னால் இருபது வருஷம் சாயங்காலக் காபி அவளோடுதான். அவள் வீட்டுக்காரர் போனபோது அவள் என் மடியில்தான் தலை வைத்துப் படுத்திருந்தாள். இப்போது மாடிப்படியில் எதிரே வந்தால் இரண்டு பேரும் போனை எடுத்துப் பார்க்கிறோம். எனக்கு அவளோடு பேசவேண்டும். அவ்வளவுதான். இதை எழுத மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

17 ஆகஸ்ட்

கொடி மூங்கில் குச்சியைத் தாண்டிவிட்டது. ஆறடி என்று சொன்னவனுக்கு எங்கள் வெயில் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது, பாவம்.

இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலைக்காம்பையே சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கைக்கு அகப்பட்டது என்ன தெரியுமா? சுவரோரம் தொங்கும் பழைய கேபிள் டிவி ஒயர். கேபிள்காரன் கடையை மூடி எவ்வளவோ காலமாகிறது, ஒயரை மட்டும் எடுக்கவில்லை. அவன் நன்றாக இருக்கட்டும்.

31 ஆகஸ்ட்

மேல்வீட்டு கிரில்லைத் தொட்டுவிட்டது. கீழே இழுத்தால் முறியும். விட்டால் அவள் கத்தரிப்பாளோ?

7 செப்டம்பர், பிள்ளையார் சதுர்த்தி

மாரிசெல்வி தாராவியிலிருந்து வந்து இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறாள். மேலே முடித்துவிட்டுத்தான் கீழே வருவாள். இன்றைக்குப் பாத்திரத்தில் கை வைக்கும் முன்னாலேயே சொன்னாள்: "மாமி, மேல்வீட்டம்மா ஒங்க கொடிய கம்பியில வச்சுக் கெட்டிட்டு இருக்காவ. பூக் கெட்டுத நாரு."

ஈரக்கையோடு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். கிரில் கம்பி தடிமன், இலைக்காம்பு சுற்ற எட்டாது. அது தெரிந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக வாழைநாரால் தளர்த்தியாக முடிச்சுப் போட்டிருக்கிறாள். தண்டு நசுங்காமல். அந்த முடிச்சு எனக்குத் தெரியும், மல்லிகை கட்டும்போது அவள் போடும் முடிச்சு.

அழுகை வந்தது. வந்தால் என்ன, என் தோட்டம்.

கொழுக்கட்டையை டப்பாவில் போட்டு மாரிசெல்வியிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. வெறும் டப்பாவாகத் திருப்பக்கூடாதே, அடியில் கொஞ்சம் சர்க்கரை. வேறு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையாருக்கு நன்றி, மாரிசெல்விக்கும்.

19 அக்டோபர்

அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேர் சூடாகாமல் தொட்டியின்மேல் தேங்காய் நாரும் உடைந்த ஓடும் பரப்பினேன்.

ஜம்பு சொசைட்டி ஆபீசிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். அம்மிணி வீட்டை விற்கிறாளாம். பிள்ளை ஆதர்ஷ் தாணேயில் பெரிய ஃப்ளாட் வாங்கியிருக்கிறான், அடுத்த மழைக்காலத்துக்குள் அம்மாவை அழைத்துப் போய்விடுவானாம்.

போகட்டுமே. எனக்கென்ன வந்தது? இத்தனை நாள் பேசினாளா, இப்போ போறதைச் சொல்றதுக்கு? தாணே என்ன அமெரிக்காவா... ஆனா யார் போவா அங்கே, டிரெயின் ஏறி, இந்த முட்டியை வச்சுண்டு? போய் என்னன்னு சொல்லிண்டு நிக்கறது?

சாதம் அடிப்பிடித்துவிட்டது. ஜம்பு மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அதற்கும் நன்றி.

15 டிசம்பர், ஞாயிறு

பூத்துவிட்டது! பூத்ததெல்லாம் மேலேதான். கீழேயிருந்து பார்த்தால் எனக்குப் பூவின் முதுகு மட்டும் தெரிகிறது. வளர்த்தது நான், முகம் அவளுக்கு.

பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. அம்மிணி. ஒரு எழுத்துகூட இல்லை, பூ மட்டும். விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். என்ன பதில் போடுவது என்று தெரியாமல், கலர் சரியாகத் தெரியவில்லை, நீலமா ஊதாவா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "வந்து பாரேன்."

போனேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

வெளிர் ஊதா. உள்ளங்கை அகலம். கிரில் முழுக்க வெயில், அதில் அசையாமல் நின்றது. இரண்டு பேரும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள். "தினம் கார்த்தால ஜன்னலத் திறந்தா எட்டிப் பாத்துண்டு நிக்கறது. நீ பண்ணாததை உன் கொடி பண்ணித்து."

குழாயைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காபி குடித்தோம். கீழே இறங்கி வந்து பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

14 ஜனவரி 2025, பொங்கல்

தாணேக்குப் போவது நிஜம்தான். "இந்தக் கொடியை அங்கே எடுத்துண்டு போக முடியுமா?" என்று கேட்டாள். வேர் என் தொட்டியில் இருக்கிறதே, எப்படி எடுப்பது? பதியன் போடலாம் என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கிரில்லுக்குள் ஒரு தொட்டி வைத்து மண் நிரப்பினோம். ஒரு தண்டை வளைத்து, லேசாகச் சீவி, மண்ணுக்குள் அழுத்தினேன். எழும்பாமல் பிடிக்க ஏதாவது வேண்டுமே என்றதும் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். வேர் பிடித்ததும் என் பக்கத்துத் தண்டை அறுத்துவிட்டால் தனிச்செடி, தொட்டியோடு கிளம்பலாம்.

அவளை அனுப்பிவைக்க நானே ஏற்பாடு செய்கிறேன். கெட்டிக்காரிதான்.

23 மார்ச்

தண்டை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சுலபமாக அசைந்தது. வேர் இன்னும் இல்லை. "ஐயோ" என்று வாயால் சொன்னேன்.

11 மே

மேல் பாதி காய்ந்து சருகாகிவிட்டது. கொடி போயிற்று என்று அம்மிணி பயந்தாள். பச்சை தெரிகிற வரைக்கும் கத்தரித்துவிட்டோம். பதியன் போட்ட தண்டு மட்டும் தப்பியது.

சாயங்காலக் காபி ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. கிடைத்தவரைக்கும் லாபம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் இதுகூட இல்லையே.

14 ஜூன்

வீடு பார்க்க ஒரு சின்ன வயசு ஜோடி வந்தது. பெண் கொடியைப் பார்த்துவிட்டு, பூச்சி வரும், எடுத்துவிடலாம் என்றாளாம். அம்மிணி இதைச் சொல்லிக்கொண்டே கிரில்லில் அவிழ்ந்திருந்த முடிச்சு ஒன்றை மறுபடி போட்டாள். ஆதர்ஷ் அடுத்த ஞாயிறு வருகிறான்.

22 ஜூன், ஞாயிறு

ஆதர்ஷ் வந்தான். நல்ல பிள்ளை, வந்ததும் என் முட்டியை விசாரித்தான். முதலில் செடியை எடுத்துக்கொடுங்கள் ஆன்ட்டி, காரில் பத்திரமாக வைக்கணும் என்றான்.

தண்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நன்றாக வேர் பிடித்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தேன், அழுக்கே இல்லை.

"இரு பத்மஜா" என்றாள் அம்மிணி. பிறகு பிள்ளையிடம், "இதை அறுத்தாத்தான் எடுத்துண்டு போக முடியுமாடா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வேணாம்னா விட்டுடு, அங்க புதுசா வாங்கிக்கலாம். உன் பேக் எங்கே?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேக்கே கட்டலைடா" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கொடியைப் பார்த்தேன். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் பேசட்டும் என்று கீழே வந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னலருகே போய்ப் பார்க்கத் தைரியமில்லை. காருக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஜம்புதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பையன் மட்டும்" என்றார்.

13 ஜூலை

கொடியில் இலை நுனியெல்லாம் கருகியிருக்கிறது. விசாரித்தால், நான் கீழ்த்தொட்டிக்கு உரம் போட்ட அதே வாரம் அவளும் மேல்தொட்டிக்குப் போட்டிருக்கிறாள். ஒரே கொடி, இரண்டு பக்கமும் வேர், இரண்டு பக்கமும் சாப்பாடு. என்னைக் கேட்காமல் ஏன் போட்டாய் என்று நானும், நீ போட்டதை ஏன் சொல்லவில்லை என்று அவளும் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டோம். இரண்டு பேருக்கும் தொண்டை இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஜம்பு பயந்துபோய்ச் செய்தித்தாளோடு வெளியே வந்து நின்றார்.

நாளைக்கு அவளுக்கு இங்கேதான் சாப்பாடு. கத்தரிக்காய் ரசவாங்கி கேட்டிருக்கிறாள், காரம் குறைவாக.