குக்கர் இரண்டு விசில் வரைக்கும்

டீச்சர்,

பத்து மணி வெயில் ஏறியதும் டயர் வாசம் வந்துவிட்டது. ஈர மணலும் சூடான ரப்பரும் கலந்த வாசம். நம் பால்வாடி வாசலில் பாதி புதைந்து நிற்கும் ஏழு டயர்களுக்கும் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டேன், பிள்ளைகளுக்குக் கால் சுடக்கூடாது என்று. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பி வராமல் மூன்று மாதம் ஆகிறது. நான் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றத் தவறவில்லை.

ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். டயர்களைப் பிடுங்கச் சொல்கிறார்கள், டீச்சர். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பிள்ளைகளுக்கும் நான்தான், அடுப்புக்கும் நான்தான். இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் வந்தார். பெஞ்சும் டெஸ்க்கும் இனாமாகத் தருகிறாராம். உள்ளே இடம் ஏது? டயர்களை எடுத்துவிட்டு, வாசலில் தகரக் கூரை போட்டு எழுத உட்கார வைக்கலாம் என்றார். தாய்மார்கள் எல்லாம் தலையாட்டினார்கள். முன்னால் நின்று ஆட்டியவள் மெர்சியின் அம்மா ஸ்டெல்லா.

மெர்சி வந்த புதிதில் ஜன்னல் கம்பியை விடமாட்டாள். பேச்சு கிடையாது. யாராவது பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். டயர் மேல் நடக்க முதலில் உங்கள் விரலைக் கொடுத்தீர்கள். பிறகு முந்தானையை. பிறகு வெறும் நூல், ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை அவள் கையில். நூலா பிள்ளையைத் தாங்கும் என்று நான் சிரித்தேன்.

"நூலு தாங்காதுக்கா. நான் கீறேன்னு புள்ளைக்குத் தெரியணும், அவ்ளோதான்" என்றீர்கள்.

ஒரு நாள் ஏழாவது டயரில் நின்றுகொண்டு அவளே நூலை விட்டாள். "நான் வுட்டுட்டேன்!" என்று கத்தினாள். நாம் கேட்ட முதல் பேச்சு அதுதான். நான் கரண்டியோடு ஓடிவந்தேன். ஸ்டெல்லா அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் அவள் தொழிற்பேட்டையில், துணி கம்பெனி மெஷின் முன்னால் இருந்தாள்.

நேற்று தாய்மார்கள் எல்லோரும் டயர்களைப் பிடுங்கச் சொல்லி மணலில் வந்து நின்றார்கள்.

"ஆயாம்மா, பக்கத்துத் தெரு புள்ளைங்க ஏ பி சி டி எழுதுது. எம்பொண்ணு தவ்விகினு கீது. வெளையாடறதுக்கா அனுப்பறேன்? ஊட்லயே வெளையாடிக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

"உன் ஊட்ல பீரோ மேலதான் எடம் கீது. அங்க ஏறியா வெளையாடும்?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஓடினால் உடம்பு உரமேறும், விழுந்து எழுந்தால் பயம் போகும், கை கோத்தால் இன்னொரு பிள்ளையோடு இருக்கப் பழகும் என்று நீங்கள் பொறுமையாகச் சொல்வீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. எனக்குத் தெரிந்தது நான் செய்த தப்பு ஒன்றுதான்.

மேலதிகாரி வருவதாகச் சொன்ன அந்த நாள். நீங்கள் ஆவடிக்கு மீட்டிங் போயிருந்தீர்கள். மணலில் விட்டால் அழுக்காகிவிடும் என்று பதினேழு பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, "கை கட்டு, வாய் மேல வெரல் வை" என்றேன். ஒன்றும் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி வரவே இல்லை, நீங்கள்தான் வந்தீர்கள். தினேஷ் இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருந்தான். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தான், வாய் மேல் வைத்த விரலை எடுக்காமல்.

நீங்கள் திட்டவில்லை. அவனைத் துடைத்து வேறு டவுசர் போட்டுவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். "அக்கா, நாமளும் கை கட்டலாம் வா. குக்கர் ரெண்டு விசில் வர்ற வரைக்கும்." முதல் விசிலுக்குள் எனக்கு முதுகு பிடித்தது, மூக்கு அரித்தது. இரண்டாவது வருவதற்குள் கையை விட்டுவிட்டேன்.

"அம்பது வயசு, உனுக்கே முடியல. மூணு வயசு இன்னாக்கா பண்ணும்?"

நேற்று நான் உள்ளே போய்க் குக்கரை ஏற்றினேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து மணலில் குத்தினேன்.

"எல்லாரும் ஒக்காருங்க. கை கட்டுங்க, வாய் மேல வெரல். ரெண்டு விசில் வரைக்கும் தாங்கறவ எவளோ, அவளே டயரப் புடுங்கட்டும்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குக் கால் மரத்தது. ஒருத்தி போன் அடிக்கிறது என்று எழுந்தாள். முதல் விசிலுக்குப் பிறகு மிச்சம் இருந்தவள் ஸ்டெல்லா மட்டும். இரண்டாவது விசிலும் வந்தது. அவள் அசையவே இல்லை. நான் சொன்ன சொல்லை மாற்றவில்லை, டீச்சர். கடப்பாரையைப் பிடுங்கி அவளிடம் நீட்டினேன்.

"ஜெயிச்சிட்ட. எட்த்துக்கோ."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"எனுக்குப் பயக்கம் ஆயாம்மா. கம்பெனில ஒண்ணுக்குப் போவணும்னாகூட டோக்கன் வாங்கிகினுதான் போவணும்."

அவள் டயர் பக்கம் நடந்தாள். அங்கே மெர்சி, புதிதாகச் சேர்ந்த ஒரு வாண்டிடம் நூல் முனையைக் கொடுத்து நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதம்மா. பாப்பா பயந்துக்கும். நான் கீறேன் இல்ல?"

ஸ்டெல்லா கடப்பாரையை மணலில் வைத்துவிட்டாள்.

மெர்சிக்கு ஒரு துண்டு கொடுத்தது போக, உங்கள் நூல்கண்டு என் இடுப்பில்தான் இருக்கிறது. அடுப்படியில் தனியாக நிற்கும்போது ஒரு முனையை விரலில் சுற்றிக்கொள்கிறேன். தகரத்துக்கு அளவெடுக்கத் திங்கட்கிழமை அந்தப் பெரிய மனிதர் வருகிறாராம். வரட்டும். மணலில் ஒரு பாய் போட்டு வைக்கிறேன். அவருக்கும் இரண்டு விசில்தான்.